குலசை செல்வதுரை தர வேண்டிய பிஸ்டன்

குலசேகரன்பட்டினத்தில் செல்வதுரை என்று ஒரு மெக்கானிக் இருக்கிறாராம். எஞ்சினைத் தொட்டே பார்க்க மாட்டாராம். என்ன சத்தம், என்ன நிறத்தில் புகை என்று எழுதிப் போட்டால் போதும், கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவாராம். திரேஸ்புரம் கரையில் டீக்கடை பெஞ்சு வரைக்கும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. தசராவுக்குக் குலசை போன இரண்டு பேர் கூட்டத்தில் அவரைத் தேடியிருக்கிறார்கள். வேஷம் கட்டிய காளிகளைக் கணக்கில்லாமல் பார்த்தார்கள், செல்வதுரையைப் பார்க்கவில்லை. “பெரிய ஆளுல்லா, லேசுல ஆப்புடுவாரா?” என்று திரும்பி வந்து சொல்ல, அவர் மதிப்பு இன்னும் ஏறியது.

வதந்தியைச் சரிபார்க்கக் குலசைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. மில்லர்புரத்தில் ஒரு வீட்டு மாடி ஏறினால் போதும். அங்கே கைலியோடு, நாற்காலியில் ஒரு காலை மடக்கி, லேப்டாப் முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த இனிகோதான் செல்வதுரை.

இனிகோ கடல்காரர் வீட்டுப் பிள்ளை. ஆனால் கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் ஏறினால் கரை மறையுமுன் குடல் வாய்க்கு வந்துவிடும். கடலுக்குப் போகாமலே கடல்காரனாக இருப்பதற்கு அவன் கண்டுபிடித்த வழி, ‘வள்ளம் எஞ்சின் மன்றம்’ என்ற இணையதளம். யாரும் கேள்வி கேட்கலாம், யாரும் பதில் எழுதலாம். வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துபோகும், இங்கே எழுதினால் நிலைத்து நிற்கும் என்றான். நிலைத்துத்தான் நின்றது. முதல் கேள்வி ஒரு மழைக்காலம் முழுக்கப் பதிலில்லாமல் நின்றது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஆவுடையப்பனிடம் விளம்பரம் கேட்டுப் போனான். “ஆளில்லாத தேரிக்காட்டுல போர்டு வச்சா யாருய்யா பாப்பாவ? கூட்டத்தக் காட்டு, அப்பறம் பேசுவோம்” என்றார் அண்ணாச்சி.

கூட்டம் சேர்க்க இனிகோ உடம்பு நோகாத வழிகளாகத் தேடினான். தானே கேட்டுத் தானே பதில் எழுதினான். அதில் சண்டை இல்லை. சண்டை இல்லாத இடத்துக்கு நம்மவர்கள் எதற்கு வருகிறார்கள்? எஞ்சின் கையேட்டைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துத் தமிழாக்கினான். அது ‘தொடக்கக் கயிற்றை அன்புடன் இழுக்கவும்’ என்றது. அப்புறம் ஒருநாள் அவசரத்தில் ஒரு தப்பான பதிலைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். கை கழுவி வருவதற்குள் மன்றத்தில் திருவிழாக் கூட்டம். சரியான பதிலுக்கு ஒரு நன்றி எழுதாத ஜனம், தப்பான பதிலைத் திருத்த வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தது.

அன்றுதான் செல்வதுரை பிறந்தார். தப்பைத் தயங்காமல் சொல்வது அவர் வேலை. மற்றவர்கள் திருத்திச் சொன்னதை, அடுத்த தடவை அதே கேள்வி வரும்போது தன் சொந்தச் சரக்காகச் சொல்வதும் அவர் வேலை. “அண்ணாச்சி சொன்னபடி செஞ்சேன், எஞ்சின் பாடுது” என்று மாரிச்செல்வம் என்ற பெயரில் சாட்சி சொன்னதும் இனிகோவேதான். செல்வதுரை எந்த நாள் சரி, எந்த நாள் தப்பு என்று இனிகோவைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு காலையில் அக்கா விஜிலா போன் செய்தாள்.

“ஏலே, உங்க மச்சான் எஞ்சின் ஒரே புகையா கக்குதுன்னாவல்லா. குலசைல யாரோ செல்வதுரையாம், மண்ணெண்ணெயில கலக்குத ஆயில பாதியாக் குறைன்னு எழுதியிருக்காராம். அப்படியே கலக்கிட்டுப் போயிட்டாவ.”

இனிகோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். பெயர் சொல்லாத யாரோ கேட்ட கேள்வி என்று நினைத்துப் போட்ட பதில் அது.

“தெருமுக்கு மெக்கானிக்கிட்ட கேட்டா என்னக்கா?”

“அவன்ட்ட கேட்டா கரை பூரா தெரிஞ்சிரும்லா. அமலன் எஞ்சின் படுத்துட்டுன்னு சிரிப்பானுவ. செல்வதுரைன்னா வெளியூரு, மானம் போகாது.”

ஆயிலைக் குறைத்தால் புகை குறையும், அது பொய்யில்லை. ஆனால் வழுவழுப்பில்லாத பிஸ்டன் சூடேறி இறுகி, எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோகும். கரையிலிருந்து கச்சான் காற்று எழும்பினால், நின்ற வள்ளம் நின்ற இடத்தில் நிற்காது. மன்றத்தில் அந்தப் பதிலுக்குக் கீழே திருத்தி ஏழெட்டுப் பேர் வைதிருந்தார்கள். மச்சான் முதல் பதிலை மட்டும் படித்துவிட்டுப் போயிருக்கிறார்.

மச்சான் அமலனின் போன் அணைந்து கிடந்தது. இனிகோ பைக்கை எடுத்துத் திரேஸ்புரம் ஓடினான். கரையில் நின்றான், உட்கார்ந்தான், மறுபடியும் நின்றான். அங்கிருந்த ஒருவரிடம், “மாமா, இன்னைக்குக் காத்து எப்படி?” என்று கேட்டான். “ஒனக்கு எதுக்குடே காத்து? ஃபேன போட்டுட்டு இரி” என்றார் அவர்.

மன்றத்தில் தன் சொந்தப் பெயரில் எழுதினான்: ‘அன்புள்ள உறுப்பினர்களே, அமலன் என்பவர் ஆயிலைக் குறைத்துக் கலக்கிக் கடலுக்குப் போயிருக்கிறார். அருகில் இருப்பவர்கள் தயவுசெய்து பார்க்கவும்.’

ஒரு ஈ காக்கை இல்லை. திரையைத் தேய்த்தான். மறுபடி தேய்த்தான். முதுகில் கச்சான் பட ஆரம்பித்தது. மரியாதையாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவன் யார்? பல்லைக் கடித்துக்கொண்டு செல்வதுரையாக மாறினான்.

‘அமலன் வள்ளத்துக்கு ஒரு மயிரும் ஆகாது. பாதி ஆயிலில் ராமேஸ்வரம் வரை போகலாம். இது தெரியாதவன் எஞ்சினைத் தொடாதே.’

போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. “ஏலே அரைவேக்காடு!” “நீ எஞ்சினக் கண்ணால கண்டிருக்கியாலே?” நடுவில் முத்துமணி என்ற உறுப்பினர் எழுதினார்: “கிறுக்குப் பயலே, அந்த வள்ளம் இந்நேரம் நின்னுருக்கும்லே. கச்சான் இங்கனதான் தள்ளிட்டு வரும், நான் வான்தீவுப் பக்கந்தான் நிக்கேன். போய்ப் பாத்து, ஒன் மூஞ்சியில காறித் துப்புதேன்.”

வெயில் சாய்ந்த நேரம், முத்துமணியின் வள்ளம் இன்னொரு வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அமலன் உப்புப் பூத்த முகத்தோடு இறங்கினான். விஜிலா அழுதாள், பிறகு ஏசினாள்.

“மச்சான், ஒண்ணும் ஆவலைல்லா?” என்றான் இனிகோ.

“பிஸ்டன் போச்சுடே. கச்சான் தள்ளின தள்ளுக்குக் கொழும்புல போயி எறங்கியிருப்பேன். அந்தச் செல்வதுரை எனக்கு ஒரு பிஸ்டன் தரணும். அடுத்த தசராவுக்குக் குலசைக்கு நேர்ல போறேன். நீயும் வா, ஒனக்குத்தான் இந்த இன்டர்நெட்டு ஆளுவளப் பழக்கமாச்சே.”

“வாரேன் மச்சான்” என்றான் இனிகோ. வேறென்ன சொல்வான்?

மறுநாள் ஆவுடையப்பன் அண்ணாச்சியே கூப்பிட்டார். “என்னய்யா, நேத்து ஒன் மன்றத்துல அடிதடியாம்லா! கூட்டம்னா இதுதான்யா கூட்டம். போர்டு வச்சிருவோம். முதல் மாசத்துக்குத் துட்டுக்குப் பதிலா கடையில எந்தச் சாமான் வேணும்னாலும் எடுத்துக்கோ.”

இனிகோ யோசிக்காமல் ஒரு பிஸ்டனைக் கை காட்டினான்.

அதைக் கொடுக்க இரண்டு தடவை அக்கா வீடு வரைக்கும் போனான். யார் கொடுத்தது என்று மச்சான் கேட்பாரே? செல்வதுரை என்றால், “ஆளு எங்கன இருக்கான், காட்டு” என்பார். நான்தான் என்றால்... படி ஏறாமலே திரும்பிவிட்டான்.

அமலன் இப்போது முத்துமணியின் வள்ளத்தில் கூட்டாகப் போய்க்கொண்டிருக்கிறான். பிஸ்டன் மில்லர்புரத்து மாடி மேஜையில், பாலிதீன் உறை பிரிக்காமல், கரண்ட் பில்லுக்கு மேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது.