வாய் திறக்காத வண்டி

கார் எலக்ட்ரீஷியன் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டி மறைக்கிறார்கள். வண்டி நடுரோட்டில் நின்ற பிறகுதான் என் ஞாபகம் வருகிறது. பழைய கார் வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களில் பாதிப் பேர் இதைச் செய்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். செவிலிமேட்டில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். என்னிடமே வந்து "மெக்கானிக் இல்லியாம்மா?" என்று கேட்பவர்களிடம், "இருக்காங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நானே பானெட்டைத் திறப்பது வழக்கம்.

நான் சொல்ல வந்தது ஓர் ஆடி மாதத்துக்கு முந்தைய எட்டு நாட்களைப் பற்றி. நடுவில் இரண்டு பழைய கதைகளும் வரும். அவை இல்லாவிட்டால் எனக்கு அவ்வளவு திமிர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் புரியாது.

எட்டு நாள் கெடு

சவுண்ட் சர்வீஸ் மோசஸ் அண்ணனை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினாலும் சர்ச்சில் கூட்டம் நடந்தாலும் மைக் அவருடையதுதான். ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இருபது வயதுக் கார் ஒன்றில் பின்சீட்டை மடித்துப் போட்டு ஏற்றிக்கொண்டு போவார். அந்தக் கார் சூடு ஏறினால் நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த பிறகுதான் மைக் போய்ச் சேர்ந்தது. பைபாஸில் வண்டிக் கோளாறைப் படிக்கும் பெரிய ஸ்கேனர் வைத்திருக்கும் சேகர் அதை மாட்டிப் பார்த்தான். 'நோ கம்யூனிகேஷன்' என்று வந்தது. இஞ்சினை ஓட்டும் கம்ப்யூட்டர் செத்துவிட்டது, வேறு கிடைக்காது, வண்டியைத் தள்ளிவிடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. வண்டி போனால் தொழில் போயிற்று. அப்புறம் மகள் வீட்டில் மருமகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த மருமகன் தினேஷும் கூடவே வந்திருந்தான். ஆடி பிறக்க எட்டு நாள் இருக்கிறது, அதற்குள் சரியாகாவிட்டால் காயலான் கடைதான் என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எட்டு நாள்ல இத நான் பேச வெக்கல, என் கடை போர்ட கழட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். தினேஷ் சக்கரத்தை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு மாமனாரிடம் சொன்னான்: "டயரு புதுசு மாமா. அத மட்டும் கழட்டி வெச்சிக்கினு மீதிய தூக்கிக் குடுத்துடலாம்."

ஆயுத பூஜையும் மறதியும்

பழைய கார்களின் கம்ப்யூட்டர்களில் தலைமுறைகள் உண்டு. முதல் தலைமுறைக்கு ஸ்கேனரே வேண்டாம். பானெட்டுக்குள் ஒரு சின்ன சாக்கெட் இருக்கும். அதில் இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் சேர்த்தால் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும், நாம் எண்ண வேண்டும். மூன்று சிமிட்டல், சின்ன இடைவெளி, ஒரு சிமிட்டல் என்றால் முப்பத்தொன்று. முப்பத்தொன்றுக்கு எந்தக் கோளாறு என்பது என் நோட்டில் இருக்கும். பெரிய ஸ்கேனர்காரர்கள் இந்த வண்டிகளைப் பார்த்ததும் கையை விரிப்பார்கள். எனக்கோ அவைதான் செல்லம்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் கோதண்டம் அண்ணனுடைய கார் அப்படிப்பட்டது. விளக்கு எரிகிறது, வண்டி இருமுகிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று போனில் சொன்னார். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். வயரைப் போட்டு எண்ணினேன். ஒன்று, இடைவெளி, இரண்டு. பன்னிரண்டு என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம். மறுபடி எண்ணினேன், மறுபடியும் நலம். இஞ்சினோ குலுங்கிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டு பேட்டரியைப் பார்த்தால், நெற்றி நிறைய சந்தனமும் குங்குமமும். நடுவில் ஆயுத பூஜை வந்துவிட்டது. அண்ணன் பேட்டரியைக் கழற்றித் துடைத்துத் தறிக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார வைத்துக் கும்பிட்டிருக்கிறார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போனால் குறித்து வைத்த கோளாறெல்லாம் அழிந்துவிடும். மறுபடி விளக்கு எரியும் வரை ஓட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்: "தறிக்கும்தாம்மா பூஜ போட்டேன். அது டிசைன மறந்துட்டுதா இன்னா? உன் கம்ப்யூட்டரு மட்டும் இன்னாத்துக்கு மறந்து தொலைக்குது?"

சாக்கெட் ஒன்றுதான்

இரண்டாவது தலைமுறைதான் ஆளை ஏமாற்றும். ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு முனை சாக்கெட் இருக்கும். இன்றைய வண்டிகளில் இருப்பதும் அச்சாக அதே சாக்கெட். ஆனால் முதலில் ஒன்றாக்கப்பட்டது வடிவம் மட்டும்தான். பேச்சு ஒன்றாகவில்லை. ஒவ்வொரு கம்பெனி வண்டியும் அதனதன் பாஷையில் பேசிக்கொண்டிருந்தது. பொதுப் பாஷை மூன்றாவது தலைமுறையில்தான் வந்தது. புது ஸ்கேனர்களில் பலவற்றுக்கு அது ஒன்றுதான் தெரியும். பழைய வண்டி பதில் சொல்லாவிட்டால் உடனே அது ஊமை, இல்லாவிட்டால் பிணம்.

சின்ன காஞ்சிபுரத்தில் புத்தகக் கடை வைத்திருக்கும் ரங்கநாதன் சார் ஒருநாள் முகம் வாடி வந்தார். ஆன்லைனில் வாங்கிய குட்டி ஸ்கேனரைத் தன் காரில் செருகினாராம், போனில் ஒன்றும் வரவில்லையாம், கம்ப்யூட்டர் போய்விட்டதாம். நான் என் செங்கல் கனத்துப் பழைய ஸ்கேனரை எடுத்து, அந்தக் கம்பெனி பெயரைத் தேர்ந்தெடுத்து மாட்டினேன். அடுத்த நொடியே கம்ப்யூட்டர் கடகடவென்று ஒப்பித்தது. ஒரே ஓட்டைக்குள் இரண்டு பாஷை எப்படி என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்: "இத எங்க தெருக்காரனுக்கா சொல்லணும்? தூரத்துலேர்ந்து பாத்தா எல்லாம் நாமம்தாம்மா. கிட்ட வந்தாதான் வடகலையா தென்கலையான்னு வம்பே ஆரம்பிக்கும்."

யார் வாயைப் பொத்தியது?

மோசஸ் அண்ணனுடையது அந்த இரண்டாவது தலைமுறை வண்டி. சேகருடைய ஸ்கேனருக்குப் பாஷை தெரிந்திருக்காது, என்னுடையது பேசிவிடும் என்று அலட்சியமாகத்தான் மாட்டினேன். 'நோ கம்யூனிகேஷன்.' வருஷத்தை மாற்றிப் பார்த்தேன், மாடலை மாற்றிப் பார்த்தேன். அதே பதில். ஐந்து நாள் போய்விட்டது. ஆறாம் நாள் தினேஷ் அனுப்பிய காயலான் கடைக்காரர் என் கடை வாசலிலேயே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து எடை போட்டார். அன்றைக்கென்று சேகரும் டீ குடிக்கிற சாக்கில் வந்து, "விடுக்கா, செத்ததுகிட்ட போய் கெஞ்சிக்கினு இருக்காத" என்றான். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "செத்துப்போனது எப்பிட்றா தினமும் வண்டிய ஸ்டார்ட் பண்ணுது? பெட்ரோல் விடறது யாரு, உங்க தாத்தாவா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. இஞ்சின் ஓடுகிறது என்றால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. அதன் பேச்சைத்தான் ஏதோ தடுக்கிறது.

மீட்டரை எடுத்தேன். கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் பேசிக்கொள்வது ஒரே ஒரு வயரில். சாவியைப் போட்டால் அதில் கிட்டத்தட்ட பேட்டரி அளவுக்கு வோல்ட் நிற்க வேண்டும். பூஜ்யம் காட்டியது. யாரோ அந்த வயரை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மாட்டியிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசியில் பாட்டு செட்டின் பிளக்கை இழுத்ததும் மீட்டர் பன்னிரண்டுக்குத் தாவியது. அந்தக் கம்பெனிக்காரன் பேச்சு வயரின் ஒரு கிளையைப் பாட்டு செட்டுக்கும் விட்டிருந்தான். மோசஸ் அண்ணன் போன வருஷம் புது செட்டைத் தானே மாட்டும்போது, அந்த வயரை எர்த் என்று நினைத்து செட்டின் எர்த் வயரோடு சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறார். செட்டை வெளியே எடுத்துவிட்டு ஸ்கேனரைப் போட்டேன். கம்ப்யூட்டர் பேசியது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்: "ஊருக்கெல்லாம் மைக் குடுக்கறவன் நானு. என் வண்டி வாய நானே கட்டி வெச்சிருக்கறேன் பாரும்மா!"

மைக் டெஸ்ட்

வாய் திறந்ததும் அது சொன்னது ஒரே ஒரு புகார்தான். இஞ்சின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்லும் சென்சாரிலிருந்து சிக்னல் விட்டு விட்டு வருகிறது. கட்டைவிரல் அளவு சாமான். சூடானால் மயங்கிவிடும், ஆறினால் எழுந்துகொள்ளும். சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்து மாட்டினேன். எட்டாம் நாள் உச்சி வெயிலில், ஏ.சி.யை முழுசாகப் போட்டுக்கொண்டு, பாலாற்றுப் பாலம் தாண்டி செய்யாறு வரை போய் வந்தோம். போகும்போதும் வரும்போதும் அண்ணனுடைய கண் முழுக்க டெம்பரேச்சர் முள்ளில்தான் இருந்தது. வண்டி எங்கும் நிற்கவில்லை. கடை வாசலில் இறங்கி, கொதிக்கிற பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்கடையில் நின்றிருந்த சேகர் பார்த்துவிடப் போகிறானே என்று ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆடி முதல் ஞாயிறு, எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. பாட்டு வரப்போகிறது என்று நினைத்தேன். முதலில் வந்தது மோசஸ் அண்ணனின் குரல். செவிலிமேடு மொத்தமும் கேட்டது, தினேஷும் கேட்டிருப்பான்: "அலோ, அலோ, மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ... காயலான் கடைக்காரர் எங்கிருந்தாலும் உடனடியா அவுரு கடைக்கே திரும்பிப் போவும்படி கேட்டுக்கறோம். வண்டி விக்கறதுக்கு இல்ல!"

பதினெட்டு வருஷத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: பழைய கம்ப்யூட்டர்கள் சாவதற்குக் காட்டாத அவசரத்தை, அவற்றுக்குச் சாவுச் சீட்டு எழுதுவதில் நாம்தான் காட்டுகிறோம்.