நீதிமன்றத்துக்கு வந்த குழம்புக் கரண்டி

1. நியூ ஜேர்சி மச்சானின் சட்டம்

சிவநேசன் எங்கள் அலுவலகத்துக்குள் வந்து உட்கார முதலே, "அக்கா, ஆயுதம் வைச்சிருக்கிறது என்ர உரிமை. அரசியலமைப்பில கிடக்கு" என்றான்.

"எந்த நாட்டு அரசியலமைப்பில?" என்று கேட்டேன்.

"நியூ ஜேர்சியில இருக்கிற மச்சான் சொன்னவர்."

"மச்சான்ர அமெரிக்கச் சட்டம் எல்லையோட நிண்டிடும் தம்பி. இது கனடா, மொன்றியல்."

குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் உதவியாளராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ் ஆட்கள் வந்தால் முதலில் கதைப்பது என் வேலையாக இருந்தது. வழக்கைக் கேட்பதற்கு முன், அவர்களுக்குப் புத்தி சொன்ன சொந்தக்காரர் யார் என்று கேட்பேன். பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

சிவநேசன் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் உணவகத்தில் சமையல்காரன். மெட்ரோ வாசலில் அவனுடைய பையிலிருந்து நீட்டுக் கத்தி ஒன்றைப் பொலிஸ் எடுத்திருந்தது. எதற்கு என்று கேட்டதும் "என் பாதுகாப்புக்கு" என்று சொல்லியிருக்கிறான். ஆயுதம் கொண்டு திரிந்ததாக வழக்கு. குடியுரிமைக்குச் சத்தியம் எடுக்கிற நேரத்தில் இது வந்து, அதுவும் நின்றுபோனது. தண்டனை கிடைத்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று அவனுக்குப் பயம். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் வழக்கறிஞர் மெத்ர் லூசி (இங்கே வழக்கறிஞரை 'மெத்ர்' என்றுதான் கூப்பிடுவோம்) எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கனடாவில் அப்படியோர் உரிமை இல்லை. சமையல்காரனின் கையில் கத்தி வெறும் கத்திதான். ஆளைக் குத்த நினைத்து வைத்திருந்தால்தான் அது ஆயுதம். பாதுகாப்புக்கு என்று சொல்லி, அந்த நினைப்பு இருந்ததாக இவரே ஒப்புக்கொண்டுவிட்டார்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது.

2. வதனி கழுவாத பை

அடுத்த கிழமை அவனுடைய மனைவி வதனி ஒரு பையோடு வந்தாள். பொலிஸ் கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த பை அது.

"இதை என்ன செய்யிறது அக்கா? பூசைச் சாமான், கழுவ மனம் வரேல்லை."

உள்ளே பார்த்தேன். பெரிய குழம்புக் கரண்டி, இடுக்கி, தகர டப்பா வெட்டி, உருளைக்கிழங்குத் தோல் சீவி. ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமப் பொட்டு. அன்று ஆயுத பூசையாம். குசினிச் சாமான்களைக் கோயிலில் வைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும் வழியில்தான் பிடிபட்டிருக்கிறான்.

சிவநேசனைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டேன். "கோயிலுக்குப் போட்டு வாறன் எண்டு ஏன் சொல்லேல்லை?"

"வேலையில சமயத்தைக் காட்டக்கூடாது எண்டு இஞ்ச எல்லாரும் கதைக்கினம். சாமியை இழுத்தா இன்னும் பிழையாகும் எண்டு நினைச்சன் அக்கா. மச்சான்ர பதில் வாயில வந்திட்டுது."

அவன் சொன்ன தடை கியூபெக் மாகாணச் சட்டம், சில அரசாங்க வேலைகளுக்கு மட்டுமானது. குசினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சமய சுதந்திரமோ நாட்டின் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. இவன் இல்லாத உரிமையைக் கேட்டுச் சண்டை பிடித்தான், கையில் இருந்த உரிமையைப் பைக்குள் ஒளித்தான்.

"பொட்டு அழியாமல் அப்படியே கொண்டுவாங்கோ" என்று வதனியிடம் சொன்னேன்.

3. மேசையில் வரிசை

அரசுத் தரப்பு வழக்கறிஞர் "பாதுகாப்பு" என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெத்ர் லூசி முதலில், பொலிஸ் சான்றாகக் கத்தியைப் போட்டு மூடியிருந்த உறையைப் பிரிக்கச் சொன்னார். பொலிஸ் அறிக்கையில் 'கறை' என்று இருந்தது சந்தனமும் குங்குமமும்தான். பிறகு மற்றச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார்.

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கரண்டியையே பார்த்தார். "இதுவும் உங்கள் பாதுகாப்புக்கா?"

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் சிவநேசன், "இல்லை ஐயா. அது குழம்புக்கு" என்றான்.

"கத்தி?"

"வெங்காயத்துக்கு ஐயா."

"அப்படியானால் பொலிசிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"சாமியைச் சொல்லப் பயந்தனான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "இந்த நாட்டில் அதைச் சொல்ல நீங்கள் பயப்பட வேண்டியதில்லை" என்றார். அந்தக் கத்தி ஆயுதமல்ல என்று தீர்ப்பளித்து அவனை விடுதலை செய்தார். வெளியே வந்து வதனி அழுதாள். எனக்கும் சந்தோஷத்தில் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வந்தவர் என்ன உரிமை கேட்கிறார் என்பதோடு நிற்காதீர்கள். எதைச் சொல்லப் பயப்படுகிறார் என்றும் கேளுங்கள்.

சிவநேசன் இப்போது கனடியன். சத்தியம் எடுத்த அன்று மச்சானும் நியூ ஜேர்சியிலிருந்து வந்து, முன்வரிசையில் வாயைத் திறக்காமல் இருந்தார். அடுத்த ஆயுத பூசைக்குக் கத்தியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துக்கொண்டு சிவநேசன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். "மெத்ர், பூசையில வைக்க உங்கட சாமானும் தாங்கோ" என்று அவன் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். லூசி தன் பேனையைக் கொடுத்தார். அது சந்தனப் பொட்டோடு திரும்பி வந்தது. அதைத் துடைக்காமல் அங்கியில் குத்திக்கொண்டு அவர் அடுத்த வழக்குக்குப் போனார். அதிலும் வென்றோம்.