மற்றும் குடும்பத்தார்

என்னுடைய 1979ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஆடிக் கிருத்திகை முடிந்து வந்த வெள்ளிக்கிழமைக்கு நேராக இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை நேயர் விருப்பத்தில் பாட்டு வந்தது. நைனா கேட்டார்." இரண்டு வாக்கியமும் உண்மைதான். ஆனால் அன்று எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் அந்த இரண்டு வாக்கியத்தில் இல்லை.

அப்போது நான் திருத்தணியில் ஒரு பத்திர எழுத்தரிடம் உதவியாளனாக இருந்தேன். வீடு அம்மையார்குப்பத்தில். நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவும் அம்மாவும் தறி நெய்தார்கள். காலையில் பஸ் பிடித்துத் திருத்தணிக்கு வந்தால், பத்திர வேலை இல்லாத நேரமெல்லாம் பக்கத்துக் கடையில்தான் கிடப்பேன். அது என் அத்தை மகனின் ரேடியோ ரிப்பேர் கடை. எனக்கு அவர் பாவா. ஊருக்கு அவர் 'பாட்டு ஜோசியர்'.

புதுப் பாட்டு ஒன்று முதல் தடவை ரேடியோவில் வரும்போதே அது ஹிட் ஆகுமா ஆகாதா என்று பாவா சொல்லிவிடுவார். ஒலியை நன்றாகக் குறைத்து, வார்த்தை விளங்காத அளவுக்கு வைத்துக் கேட்பார். அப்படிக் கேட்டும் கால் தாளம் போட்டால் முதல் சோதனையில் பாட்டு தேறியது. இரண்டாவது சோதனை கடை வாசலில். பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்குகிற தெலுங்கு ஜனங்கள் எதை முணுமுணுக்கிறார்கள் என்று கவனிப்பார். "பாஷை புரியாதவன் வாயில ஒரு பாட்டு தங்கிச்சுன்னா, அப்புறம் அத்த யாராலயும் தொரத்த முடியாது" என்பார். கிருத்திகைக்கு மைக் செட் கட்டுகிறவர்கள் அவரைக் கேட்டுவிட்டுத்தான் இசைத்தட்டு வாங்கச் சென்னைக்கு ரயில் ஏறுவார்கள்.

கேலிக்கும் குறைவில்லை. ஒரு பஸ் கண்டக்டர் தினமும் கடைக்குள் தலையை நீட்டுவார். "இன்னா ஜோசியரே, போன வாரம் சொன்ன பாட்டு படுத்துக்கிச்சாமே?"

"பாட்டு படுக்கலப்பா. விசில் ஊதி ஊதி உன் காதுதான் படுத்துக்கிச்சு."

பெரும்பாலும் பாவா சொன்னதே நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கணிப்பு தவறியதால் வந்த வினையல்ல இது.

எனக்கு ஒரு அண்ணன். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் சாயத்துக்குக் கொடுத்த நூல் கட்டு ஒன்று வீடு வந்து சேரவில்லை. வாங்கி வரப் போனவன் அண்ணன். சாயக்காரர், கொடுத்தாகிவிட்டது என்றார். அண்ணன், வாங்கவே இல்லை என்றான். நைனா நம்பவில்லை. தெருவே பார்க்க அவனை அறைந்துவிட்டு, "இந்த வீட்டு ஆளுங்கள்ல நீ இல்லடா" என்று சொன்னார். அண்ணன் அன்று சாயங்காலமே திருத்தணிக்குப் போய் ரயில் ஏறிவிட்டான். சில மாதங்கள் கழித்து அந்த நூல் கட்டு கிடைத்தது. நைனாவின் பெயரும் இனிஷியலும் கொண்ட இன்னொருவர் பக்கத்து ஊரில் இருந்தார். சாயக்கடை ஆள் அங்கே கொண்டு போய்ப் போட்டிருந்தான். நைனா அந்தக் கட்டைப் பிரிக்கவே இல்லை. அண்ணன் பெயரை வாயில் எடுப்பதும் இல்லை. சொல்ல வேண்டி வந்தால் 'பெரியவன்' என்பார்.

அவன் பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் விசைத்தறி ஓட்டுவதாகத் தகவல் வந்தது. எழுதிய கடிதம் திரும்பி வந்தது. வேறு தறி ஷெட்டுக்கு மாறிவிட்டானாம். அங்கிருந்து ஊரோடு வந்துவிட்ட பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர்தான், 1979 கோடையில் பாவாவின் கடையில் வைத்து ஒரு செய்தி சொன்னார். "அவன் எந்த ஷெட்டுல இருக்கறான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா எங்க இருந்தாலும் காலைல காதுல டிரான்சிஸ்டர வச்சிகினு சிலோன் ரேடியோவுல நேயர் விருப்பம் கேட்டுகினு இருப்பான். கரகரன்னுதான் வரும். ஆனா ஒரு நாளும் உட மாட்டான்."

இதைக் கேட்டதும் பாவா கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். மறுநாளே நைனா திருத்தணிக்கு வந்தார். நான் அழைக்கவில்லை, செய்தியை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டையில் பாட்டின் பெயரும் விரும்பிக் கேட்பவர்களின் பெயர்களும் எழுதிப் போட வேண்டும். அறிவிப்பாளர் ஊரைச் சொல்லி, பெயர்களை வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். வேறு செய்தி எதுவும் சொல்ல முடியாது. நைனாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்கள் வீட்டு ஆட்களின் பெயர்களோடு அவன் பெயரும் சேர்ந்து வர வேண்டும். வீட்டு ஆட்களில் அவனும் ஒருவன் என்று அவன் காதில் விழ வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

பாட்டு எது என்பதில்தான் பேச்சு வளர்ந்தது. அண்ணன் தறியில் உட்கார்ந்தால் ஒரு பழைய பாட்டைப் பாடுவான். படமும் ஓடவில்லை, பாட்டும் யாருக்கும் தெரியாது. நைனா அதைத்தான் சொன்னார்.

"மாமா, அந்தப் பாட்ட எவன் கேக்கறான் இப்ப? அவங்க கிட்ட பிளேட்டு இருக்குதோ இல்லியோ. நம்ப கார்டு குப்பைக்குப் போயிடும்" என்றார் பாவா. "புதுசா ஒண்ணு வந்துருக்குது. எழுதி வச்சிக்கோங்க, இன்னும் ஒரு மாசத்துல தினத்துக்கும் அதத்தான் போடுவாங்க. தினம் போடற பாட்டுக்கு எழுதுனா நம்ப பேரு வராம எங்க போவும்?"

நைனா யோசித்தார். "குஷியான பாட்டாடா மாப்ள அது?"

"ஆங், குஷிதான். ஏன் மாமா?"

"ஒண்ணுமில்ல. எழுதுங்க."

என் எழுத்து அழகாக இருக்கும் என்பதால் அட்டையை நான் எழுதினேன். முதலில் யார் பெயர் என்று கேட்டேன். நைனா, "என் பேரு போடு. நான் கேட்டேன்னு அவனுக்குத் தெரியணும்" என்றார். அடுத்து அம்மா. அடுத்து நான். "கடேசியா பெரியவன்."

பாவா மெதுவாகச் சொன்னார்: "பெரியவன்னா ரேடியோவுல எப்படிப் படிப்பாங்க மாமா? பேரச் சொல்லுங்க."

நைனா தெருவைப் பார்த்துக்கொண்டு அண்ணனின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்னதைப் போல. அதை நான் கடைசி வரியில் எழுதினேன். தபால்தலையை நைனாவே ஒட்டினார்.

பாட்டு ஹிட் ஆனது. பாவா சொன்ன ஒரு மாதத்துக்கு முன்பே ஆனது. கிருத்திகைக்கு மலையேறிய கூட்டத்தில் காவடிக்காரர்கள் மட்டும்தான் அதைப் பாடவில்லை என்று சொல்லலாம். அடிவாரத்து மைக் செட்டுகள் பக்திப் பாட்டுக்கு நடுநடுவே அதைப் போட்டன. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பாவாவின் முதுகைத் தட்டினார்கள். கண்டக்டர் டீ வாங்கிக் கொடுத்தார். பாவா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டில் தினமும் காலையில் அந்த நிகழ்ச்சி வரும் நேரத்தில் தறி நின்றுவிடும். பாவா ஒரு நல்ல ரேடியோவைக் கொண்டுவந்து, கூரை மேல் கம்பி இழுத்துக் கட்டிக் கொடுத்திருந்தார். பாட்டு வரும்; எங்கள் பெயர் வராது. நாளைக்கு வரும் என்போம். ஒரு விஷயத்தை நாங்கள் கவனித்தோம், ஆனால் அதற்கு அர்த்தம் செய்துகொள்ளவில்லை. வரவர அந்தப் பாட்டுக்கு வாசிக்கும் பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அறிவிப்பாளரும் வேகமாக வாசிக்கத் தொடங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை பாவாவும் எங்கள் வீட்டில் இருந்தார். ஊர் ஊராகப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று "அம்மையார்குப்பம்" என்று கேட்டது. நாங்கள் யாரும் பேசாதபோதே, பேசாதீர்கள் என்பதுபோல் நைனா கையைத் தூக்கினார். அவர் பெயர் வந்தது. அம்மாவின் பெயர் வந்தது. பிறகு, "மற்றும் குடும்பத்தார்" என்றார் அறிவிப்பாளர். அடுத்த ஊர். அதற்கடுத்த ஊர். பாட்டு தொடங்கிவிட்டது.

பாவா அணைக்கப் போனார். நைனா, "இரு, முடியட்டும்" என்றார். கல்யாண வீட்டில் போடுகிற மாதிரியான அந்தக் குஷிப் பாட்டை நாங்கள் நாலு பேரும் கடைசி வரை உட்கார்ந்து கேட்டோம்.

முடிந்ததும் அம்மாதான் முதலில் பேசினாள். "குடும்பத்தார்னு சொன்னாங்களே. அதுல அவன் இல்லியா?"

"இருக்கறான், இருக்கறான்" என்றார் நைனா. பிறகு பாவாவைப் பார்த்து, "அவன் மட்டும் இத்த கேட்டுருந்தான்னா இன்னா நெனப்பான் மாப்ள?" என்றார்.

எங்கள் எல்லோருக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. தூரத்தில் ஒருவன் கரகரப்புக்கு நடுவே தன் ஊர்ப் பெயரைக் கேட்டிருப்பான். அறைந்து அனுப்பிய தகப்பன் பெயரைக் கேட்டிருப்பான், தாய் பெயரைக் கேட்டிருப்பான். தன் பெயருக்குக் காத்திருப்பான். அது வராமல், ஊரெல்லாம் ஆடுகிற பாட்டு வந்திருக்கும். நம்மை விட்டுவிட்டு இவர்கள் குஷியாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பான்?

அன்றைக்கே இன்னொரு அட்டை போட்டோம். இந்த முறை அண்ணன் பாடும் அந்தப் பழைய பாட்டு. பாவா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. புரட்டாசியில் அது ஒலிபரப்பானது. இசைத்தட்டு அவர்களிடம் இருக்கத்தான் இருந்தது. அதை விரும்பிக் கேட்டது எங்கள் குடும்பம் ஒன்றுதான். அதனால் அறிவிப்பாளருக்கு அவசரமே இல்லை. நைனா, அம்மா, நான், கடைசியில் அண்ணன். நாலு பெயரையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். எங்கள் ஊரின் பெயரைக்கூட இரண்டு தடவை சொன்னார். அண்ணன் பெயர் ரேடியோவிலிருந்து வந்தபோது நைனா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அவன் வரவில்லை. கடிதமும் வரவில்லை.

பாவா அதற்குப் பிறகு எந்தப் பாட்டுக்கும் ஆரூடம் சொல்லவில்லை. அடுத்த கிருத்திகைக்கு முன் மைக் செட்டுக்காரர் ஒருவர் வந்து கெஞ்சிப் பார்த்தார். "எனக்கு இன்னாய்யா தெரியும், நான் சால்டரிங் வைக்கறவன்" என்று அனுப்பிவிட்டார். நைனா அவரை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "அவன் சொன்ன பாட்டு ஓடுச்சா இல்லியா? அவன் மேல இன்னா தப்பு?" என்பார். அந்தச் சமாதானம் பாவாவை இன்னும் வாட்டியது என்பதை நைனா அறியவே இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, நைனா காலமான பிறகு, மலைக்கு வேண்டுதல் செலுத்த வந்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். பிவண்டியில் அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவர். அண்ணன் 1979 மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, டிரான்சிஸ்டரை இவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுப் போனானாம். எங்கே என்று சொல்லவில்லையாம். எந்த மாதம், எந்தக் கிழமை என்று துருவித் துருவிக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

"அன்னிக்கு ரேடியோவுல இன்னா பாட்டு ஓடிச்சுன்னாவது ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க" என்று அந்தக் குஷிப் பாட்டைச் சொன்னார். அவரே தொடர்ந்தார்: "ஆனா அத்த வச்சி நாள் சொல்ல முடியாதுங்க. அந்தப் பாட்டு அப்ப தினம் வந்துகினு இருந்துச்சே."

அவர் சொன்னது சரிதான். அது தினமும் வந்த பாட்டு. பிறகு நான் பிவண்டிக்கு ஒரு தடவை போனேன்; அந்த ஷெட் இல்லை, விசாரிக்க ஆளும் இல்லை. பத்திரம் எழுதுகிற தொழிலில் இருந்துகொண்டே, என் வாழ்க்கையில் மிகவும் தெரிந்துகொள்ள விரும்பிய ஒரு தேதியை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் மாறியது. கல்யாணப் பத்திரிகையோ பாகப் பத்திரமோ, என்னிடம் எழுத வருகிறவர்கள் பெயர்களைச் சுருக்கச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. இடம் இல்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குகிறேன்.

அண்ணன் அந்த வெள்ளிக்கிழமை ஒலிபரப்பைக் கேட்டானா, அதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினானா என்பது இதை எழுதும் இன்று வரை உறுதியாகவில்லை. அவன் கேட்க வேண்டுமே என்று அத்தனை காலை நேரங்கள் தறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் நான், அன்று ஒரு நாள் மட்டும் அவன் கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்று இப்போதும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.