மாரிக்கொம்பு ஊரா, தோட்டமா?

நனைந்த குடைகளின் வாடை… கண்டியில் எங்கள் வகுப்பறையை நினைத்தாலே முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் குடைகள்தான் அதிகம் நாறும்.

அறுபதுகளின் கடைசி. சரித்திரப் பாடம். யாழ்ப்பாணத்துச் சேர், இங்கிலாந்தில் ஒரு கிராமம் எப்படி உண்டானது என்று படிப்பித்தார். ஆதியில் எல்லாமே பிரபுவின் காணியாம். அதில் பாடுபட்ட சனம் அவனைக் கேட்காமல் வெளியே போகவும் முடியாது, மகளைக் கட்டிக்கொடுக்கவும் முடியாது. பிறகு கொள்ளைநோயில் பாதிப்பேர் செத்துப்போக, மிஞ்சியவர்கள் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். அப்புறம் சந்தை, பள்ளிக்கூடம், ரயில்…

அடடா, இது எங்கள் கதையாச்சே! எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

எங்கள் தோட்டத்தின் பெயர் மாரோகோம். முதல் வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்தில் தன் சொந்தக் கிராமத்தின் பெயரை வைத்துவிட்டுப் போனான். எங்கள் ஆட்கள் அதை வாயில் போட்டு மென்று மாரிக்கொம்பு ஆக்கிவிட்டார்கள்.

மறுநாள் பேச்சுப்போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, 'என் ஊர்'. கை தூக்கினேன்.

"எந்த ஊர், பிள்ளை?"

"மாரிக்கொம்பு, சேர்."

"அது தோட்டமெல்லோ? துரையின்ர காணி. உம்மட ஆக்களுக்கு இந்தியாவில எது ஊர்? அதைப் பற்றிப் பேசும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறிவிட்டது. அந்த ஊரை நானும் பார்த்ததில்லை, என் அப்பாவும் பார்த்ததில்லை.

"சேர், நேத்து நீங்க சொன்ன கிராமமும் தொர காணிதானே? அது ஊராகலாம், எங்களோடது மட்டும் ஆகக்கூடாதா?"

பக்கத்திலிருந்த பரீதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காரு புள்ள, அடி வாங்கப்போற!"

உட்காரவில்லை.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்… "சரி, பேசும். அழுது வடியக்கூடாது, விளங்கிச்சோ?"

போட்டியன்று மைக்கில் யாரோ "மாரிக்கொம்புத் தோட்டத்திலிருந்து" என்று என்னை அழைத்தார்கள். மேடை ஏறியதும் முதலில் அதைத்தான் திருத்தினேன்.

"என்னோட ஊரு மாரிக்கொம்பு. காட்ட வெட்டி ரோடு போட்டது எங்க ஆளுங்க. செத்தவங்கள பொதச்சதும் அங்கதான். இதுக்கு மேல ஒரு ஊருக்கு என்னங்க வேணும்?"

கடைசி வரிசையில் அப்பா கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டார். பரிசு கிடைக்கவில்லை. கிடக்கட்டும்!

போன கிழமை மகன் போனில் அந்த இங்கிலாந்து மாரோகோமைக் காட்டினான். பழைய மாதா கோயில், பூந்தொட்டிகள், வாசலில் 'கிராமம்' என்று அழகான பலகை. எங்கள் ரோடு வளையும் முடக்கில் பலகையில் இன்றைக்கும் 'எஸ்டேட்' என்றுதான் இருக்கிறது.

நேற்று கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் பையன் கேட்டான், "எந்தத் தோட்டம்மா?"

"மாரிக்கொம்பு. தோட்டம் இல்ல தம்பி, ஊரு. அப்படிச் சொல்லி நிப்பாட்டு, அப்பத்தான் எறங்குவேன்."

பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும்.

முடக்கு வந்தது. பஸ் நின்றது. நான் அசையவில்லை. அவன் தலையைச் சொறிந்தான், பிறகு கத்தினான்… "மாரிக்கொம்பு ஊரு எல்லாம் எறங்கு!"

பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.