எங்கே தேடுவது என்று தெரிந்த ஒருவன்

எங்கள் துறையில் பொய் சொல்வது பாவமில்லை. விடியற்புறம் படகு தள்ளும்போது யார் கேட்டாலும் போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைத்தான் சொல்லுவோம். கோயில் சுவாமியார் கேட்டாலும் அதே கதைதான்; அவரும் தெரிந்துகொண்டே ஆசீர்வதிப்பார். ஆனால் ஒரே ஒருவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு நேர ஓட்டம், எத்தனை பாகம் ஆழம், எல்லாம். மத்தியானத்துக்குள் படகு திரும்பாவிட்டால் தேடிவர வேண்டியவன் அவன். கேட்டதை அவன் தன் பெண்சாதிக்குக்கூடச் சொல்லக் கூடாது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்ததைவிடப் பலமானது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், மடையன்.

எனக்கு அந்த ஒருவன் என் மகளின் ஞானத்தகப்பன். செட்டிகுளம் அகதி முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம். ஒரே குழாயடியில் வரிசையில் நின்று பழகினோம். முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த பிறகு ஆளுக்கொரு படகு கிடைத்தது. அவன் கரையோடு வலைபோட்டுச் சூடை மீன் பிடிப்பான், காலை எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் நிற்பான். நான் வெளிக்கடலில் தூண்டில் போடுகிறவன், தனியாகவே போவேன். பிள்ளைக்கு யாரை ஞானத்தகப்பனாக வைப்போம் என்று மனைவி கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

வெளிக்கடலில் மீன் நிற்கும் இடத்தைத் தேடுவதில் எனக்கொரு கிறுக்கு உண்டு. கடல் தண்ணீரின் சூட்டை நிறம் நிறமாகக் காட்டும் படம் இப்போது கைபேசியில் வருகிறது. அதை நம்பி நேரே ஓடினால் எண்ணெய்தான் செலவாகும், ஏனென்றால் அது நேற்றைய படம். குளிர்ந்த தண்ணீரும் சூடான தண்ணீரும் முட்டுகிற கோட்டை மட்டும் அதில் பார்த்துக்கொள்வேன். கடலுக்குப் போய் என்ஜினை நிறுத்திவிட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவேன். கயிறு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கிறது. கோடும் அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கும். பிறகு கண்ணால் தேட வேண்டியதுதான். ஒரு பக்கம் பாசி நிறம், மறுபக்கம் கடும் நீலம், நடுவில் நுரையும் சருகும் மிதக்க, மேலே ஆலாப் பறவைகள் குத்திக் குத்தி எழும்பும். பொடி மீன் அங்கே சேரும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். கரையில் எனக்குச் சட்டலைட் என்று பட்டம். “சட்டலைட் இண்டைக்கு என்ன சொல்லுது, மழை வருமோ மாப்பிள்ளை வருமோ?” என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

போன சோளகக் காற்றுக் காலத்தில் எனக்கு ஓர் இடம் அகப்பட்டது. அடியில் கல்பார் என்கிற பாறைத்திட்டு ஒன்று உயர்ந்து கிடந்ததால் அந்தக் கோடு அங்கிங்கு அசையாமல் கிழமைக்கணக்கில் அதன்மேலேயே நின்றது. அறக்குளா, பாரை என்று பெரிய மீன்கள் ஒவ்வொரு நாளும் ஏறின. சிரித்தவர்களின் வாய் மூடிக்கொண்டது. அந்த இடம் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். வேறு ஒரு குருவிக்கும் தெரியாது.

மூன்றாம் கிழமை ஒரு காலை அங்கே போனால் நான்கு படகுகள் நிற்கின்றன. அடுத்த துறைச் சுருக்குவலைக்காரர். மீன் கூட்டத்தை முழுசாக வளைத்து, பையைக் கட்டுவதுபோல் அடியை இறுக்கி அள்ளுகிற வலை அது. முன்னால் நின்ற படகின் முன்முனையான அணியத்தில் ஒருவன் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் குனிந்து படகுக்குள் எதையோ தேடுகிறவன்போல் நடித்தான். குனிந்தால் தெரியாதா? அந்த முதுகின் பின்னால் எத்தனை மாதம் குழாயடி வரிசையில் நின்றவன் நான். தூண்டிலை இறக்காமலே திரும்பிவிட்டேன்.

அன்று பின்னேரம் அவன் வீட்டு வேலியடியில் நின்று கேட்டேன்.

“ஏன்டா சொன்னனீ?”

“கேட்டாங்கள், சொன்னனான். கடல் என்ன உன்ர அப்பன்ர காணியே?” என்றான். பிறகு குரல் இறங்கியது. “நான் கரையில கிடந்து சூடை பொறுக்கிறவன். ஒருநாளாவது என்னைக் கூட்டிக்கொண்டு போனனியே? ஒருக்காலாவது அணியத்தில நிண்டு, அங்க வலையை விடு எண்டு கையைக் காட்டோணும்போல கிடந்தது மச்சான்.”

“நான் உன்னட்டைச் சொன்னது மீன் நிக்கிற இடத்தை இல்லை. நான் செத்தால் என்னைத் தேடவேண்டிய இடத்தை.”

அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தா. குடிக்காமல் வந்துவிட்டேன். நாலைந்து நாளில் அந்தப் பாரில் கிளறிவிட்ட கலங்கல் தண்ணீர்தான் மிச்சம்.

வெட்கம் கெட்டவன், அடுத்த கிழமை நான் படகு தள்ளும்போது வழக்கம்போல வந்து தோள் கொடுத்தான். எந்தப் பக்கம் என்று மெல்லக் கேட்டான். நான் முந்தின நாள்தான் தெற்கே நாயாற்றுக்கு நேரே புதிய கோடு ஒன்றைக் கண்டுவைத்திருந்தேன்.

“வடக்கால. சுண்டிக்குளத்துக்கு நேர வெளியில, இரண்டு மணித்தியால ஓட்டம்” என்றேன். ஊரில் எல்லோருக்கும் சொல்லும் பொய்யை முதல்முதலாக அவனுக்கும் சொன்னேன். சொல்லும்போது நல்ல சந்தோசமாக இருந்தது.

அன்றைக்கென்று பார்த்து என்ஜின் நின்றது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. கைபேசிக்குச் சிக்னல் இல்லை. நீரோட்டம் என்னைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. யாராவது வருவார்கள் என்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன்; பிறகுதான் யாரும் வர முடியாது என்பது உறைத்தது. வெயில் சரிந்த பிறகு யாரோ ஒரு நாயாற்றுக்காரன் கண்டு கட்டியிழுத்து எங்கள் துறையில் கரை சேர்த்தான்.

மனைவி மணலில் நின்றா. “எங்க போய்த் துலைஞ்சனீங்கள்? பிள்ளையின்ர ஞானத்தகப்பன் மத்தியானம்வரைக்கும் பொறுக்காமல் பதினொரு மணிக்கே படகை இறக்கிக்கொண்டு சுண்டிக்குளப் பக்கம் போயிட்டார். இன்னும் காணேல்லை” என்றா.

பொழுதுபடுகிற நேரம் அவன் படகு தெரிந்தது. என்ஜின் சத்தம் இல்லை. எண்ணெய் முடியும்வரை தேடியிருக்கிறான். முடிந்த பிறகு துடுப்பு வலித்து வந்திருக்கிறான். நான் மணலில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். படகை அலையில் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து இரத்தம் கசிந்தது.

“வடக்கால எண்டுதானே சொன்னனீ?”

“ஓம்.”

“நான் குடுத்தது உன்ர மீனை. நீ என்னைக் கொண்டு பகல் முழுக்க உன்ர பிணத்தைத் தேடுவிச்சிட்டாய்.”

என்னிடம் பதில் இருந்தது. நீதானே முதலில் முறித்தாய் என்று கேட்டிருக்கலாம், அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம் சுகம், ஆகவே ஆத்திரத்தையே பிடித்துக்கொண்டு சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தேன். அவன் படகை மேலே இழுக்கத் துறையே திரண்டு போனது. என் மனைவியும் போனா. நான் எழும்பவில்லை.