மலையை நோக்கிப் போன டாங்கி

என் மாமா பெங்களூரிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் எங்கள் வீட்டுக்குள் ஒரு பயமும் கூடவே வரும். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு அவர் கொண்டுவந்தது ஒரு கம்ப்யூட்டர். பார்த்தால் வெறும் டைப் அடிக்கிற பலகை. அதிலிருந்து டிவிக்கு ஒரு வயர், டேப் ரெக்கார்டருக்கு ஒரு வயர். டிவி வெடித்துவிடும் என்று அப்பா உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

கூடவே ஒரு வீடியோ கேம். பெங்களூர் கடைகளில் பெரிய பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து ஆடுகிற டாங்கிச் சண்டையாம். அதை வீட்டிலேயே ஆடும்படி கேசட்டில் அடைத்துவிட்டார்களாம். கேசட்டைப் போட்டால் பாட்டு வராது, கீச்சென்று ஓர் இரைச்சல்தான் வரும். அந்த இரைச்சல் முழுசாக ஓடி முடிந்தால்தான் ஆட்டம் திரைக்கு வரும். அது முடிவதற்குள் சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்து வோல்ட்டேஜ் விழுந்தால், மறுபடி முதலிலிருந்து. மாமா பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய், கொஞ்ச நேரம் மோட்டார் போடாதீங்க என்று கெஞ்சிவிட்டு வந்தார். எங்கள் டாங்கிக்காக எங்கள் ஊர் மாரண்டஹள்ளியின் தக்காளி தாகத்தோடு காத்திருந்தது.

கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள். தூரத்தில் மலை. நாம் டாங்கிக்குள் உட்கார்ந்திருக்கிறோம். எதிரி டாங்கி நாம் பார்க்காத பக்கத்திலிருந்து வரும். அடிபட்டால் திரையே கண்ணாடி மாதிரி விரிசல் விடும். அப்போதெல்லாம் நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஏனென்றால் என் சித்தப்பா பட்டாளத்தில் டாங்கி ஓட்டுகிறவர். அப்போது அமைதிப்படையோடு இலங்கையில் இருந்தார்.

அவரிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாகியிருந்தது. எங்களோடு இருந்த சித்தி, காலையில் பெருக்கிய வாசலையே தபால்காரர் வரும் நேரத்துக்கு மறுபடி பெருக்குவார். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பெரியவர்கள் இப்படி இருந்தால் எப்படி? பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். விரிசல் விழுவதற்குள் ஒரு எதிரியையாவது சுட்டுவிட்டால் சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று மாதாவிடம் பேசி முடித்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் நான்தான் அடிபட்டேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தானும் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். மாமா எந்தெந்தப் பட்டன் எதற்கு என்று காட்டினார். சித்தி சுடுகிற பட்டனைத் தொடவே இல்லை. நேராக மலையைப் பார்த்து ஓட்டினார்.

"அந்த மலைக்குப் போயிட்டா வண்டிய நிறுத்திக்கலாமா கண்ணு?"

எவ்வளவு ஓட்டினாலும் மலை கிட்டவே வராது என்று விளக்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. எதிரி வருவதைக் காட்டும் புள்ளி எங்களுக்குப் பின்னால் மின்னியது. திரும்புங்க சித்தி, சுடுங்க என்று நான் தவித்தேன். "ஓட்டட்டும், வுடுடா" என்றார் மாமா. அதற்குள் எதிரி டாங்கி எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, குழலை எங்கள் பக்கம் திருப்பியது. அய்யோ, சித்தப்பா போய்விட்டார் என்றே நினைத்தேன். எட்டிப் பட்டனை அமுக்கிவிட்டேன்.

எதிரி டாங்கி துண்டு துண்டாகச் சிதறியது. நான் எகிறிக் குதித்தேன். சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அதுக்குள்ள யாரு கண்ணு இருந்தாங்க?"

"யாருமில்லைங்க சித்தி. அது எதிரி."

சித்தி எழுந்து சமையலறைக்குள் போனார். அம்மா பின்னாலேயே ஓடினார். மாமா டிவியை அணைத்துவிட்டார். இவ்வளவு பெரிய காரியம் செய்தவனை முதுகில் தட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லை.

சித்தப்பா பிறகு நல்லபடியாகவே வந்து சேர்ந்தார். என் ஒரு குண்டுதான் அவரைக் காப்பாற்றியது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சித்தி அன்று எழுந்து போனதற்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். அவருடைய ஆட்டத்தில் நான் கை வைத்துவிட்டேன் அல்லவா, அந்தக் கோபம்.