அக்காவின் சைக்கிளும் மரத்தடிக் காவலும்

ஈரச் செம்மண்ணில் பதிந்த ஒரு சக்கரத் தடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. மலாயாவின் ஈப்போவில், பசார் எனப்பட்ட சந்தைக்குப் பின்னால், நகரத்துத் துப்புரவுக் கூலிகள் குடியிருந்த லயத்தின் வாசலிலிருந்து அது புறப்பட்டு, சாக்கடைமேல் போட்ட பலகையைத் தாண்டி, பெரிய தெருவில் ரிக்‌ஷாக்களும் மாட்டுவண்டிகளும் உழுது போட்டிருந்த சேற்றில் கலந்து மறைந்துபோயிருந்தது. உள்ளே ஒரு தலைப்பிரசவத்தை முடித்துவிட்டு நானும் அக்காவும் அப்போதுதான் வெளியே வந்திருந்தோம். மழை விட்டு வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைக் காணோம். அக்கா மருந்துப் பையைக் கையில் பிடித்தபடி அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரையும் கூப்பிடவில்லை, தெருவுக்கு ஓடவும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வா தங்கச்சி, நடந்தே போலாம்" என்றார்.

அவர் என் உடன்பிறந்த அக்கா அல்ல. என்னைவிடச் சில வயது மூத்தவர். இருவரும் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒன்றாக மருத்துவச்சி வேலை பழகி, ஒரே வீட்டைத் தட்டி வைத்துப் பிரித்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் குடியிருந்தோம். அவருடைய கணவர் சுங்காய் பக்கத்துத் தோட்டமொன்றில் டிரஸ்ஸராக இருந்து, ஊருக்கெல்லாம் காய்ச்சல் மருந்து கொடுத்து, கடைசியில் அதே காய்ச்சலில் போனவர். அந்த மனிதர் விட்டுப்போனவற்றில் சைக்கிளை மட்டும் அக்கா விற்கவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிள் அது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அதன் குறுக்குக் கம்பியைச் சூடுகாட்டி வளைத்து, சேலை கட்டியவர் ஏறும்படி இறக்கிக் கொடுத்தார். மாதா கோயில் வளாகத்தில் விழுந்து எழுந்து அக்கா ஓட்டப் பழகினார். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் சைக்கிளில் போவதை அந்தக் காலத்து ஈப்போ எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், பிறகு தங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவர் கையில் பிறக்கப் பிறக்க, வண்டிகளை ஒதுக்கி வழி விட்டார்கள். ஊருக்குள்ளும் ரயில்வே குடியிருப்பிலும் நான் நடந்தே போய்வருவேன். தூரத்து வீடுகளும் ஊர் எல்லைத் தோட்டங்களும் அக்காவின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைச் சுமந்தது அந்தச் சைக்கிள்தான்.

ரப்பர் விலை விழுந்திருந்த நேரம் அது. ரப்பர் பாலுக்காகப் பட்டையைக் கீறி மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களைத் தோட்டங்கள் ஆட்குறைப்பு செய்து வெளியே அனுப்பின. கப்பல் ஏறி ஊருக்குத் திரும்பியவர்கள் போக, மிஞ்சியவர்கள் பானை சட்டிகளோடு ஈப்போவுக்கு வந்து, கடை ஓரங்களிலும் கொட்டகைகளிலும் ஒண்டினார்கள். சந்தைக்குப் போனவர்கள் வெளியே வந்து சைக்கிளைத் தேடுவது தினசரிக் காட்சியாயிற்று. நாங்களும் காவல் நிலையத்தில் சொன்னோம். அவர்களும் தேடத்தான் செய்தார்கள். கழற்றிப் பிரித்துவிட்ட சைக்கிளை யார் அடையாளம் காட்ட முடியும்?

பறிபோன வாரமே, சுங்கை சிப்புட் பாதையில் இருந்த ஒரு தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. மரம் வெட்டும் ஒருவரின் மனைவிக்கு விடியற்காலையிலிருந்து வலி. சைக்கிள் இருந்தால் அக்கா பொழுது ஏறுவதற்குள் அங்கே இருந்திருப்பார். ரிக்‌ஷாக்காரர்கள் அவ்வளவு தூரம் வர மறுத்துவிட்டார்கள். பையை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு நாங்கள் இருவரும் நடந்தோம். வழியில் ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. மாடுகள் தம் போக்கில்தான் போயின. அக்கா வண்டியில் உட்காரவில்லை. பையை மட்டும் அதில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே வேகமாக நடந்து வந்தார். உட்கார்ந்தால் இன்னும் தாமதமாகும் என்று நினைத்தாரோ என்னவோ.

லயத்து வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது குழந்தையின் கால்கள் வெளியே வந்து, தலை சிக்கி நின்றிருந்தது. அக்கா தாயைக் காப்பாற்றிவிட்டார். குழந்தையை எடுத்து, முதுகைத் தேய்த்து, வாயில் வாய் வைத்து ஊதி, வெந்நீரிலும் தண்ணீரிலும் மாறி மாறி நனைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. ஆண் குழந்தை. நல்ல எடை. வெளியே வந்து சொன்னபோது குழந்தையின் தகப்பனார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "இம்புட்டுத் தொலவு நடந்து வந்தீங்களேம்மா, அதுவே பெருசு" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதன் பிறகு எப்படியாவது ஒரு சைக்கிள் வேண்டும் என்றாயிற்று. சீனர் கடையில் புது சைக்கிளின் விலையைக் கேட்டுவிட்டுத் தலைகுனிந்து வந்தோம். பழைய சைக்கிள்களோ, திருட்டுச் சரக்காக இருக்கும் என்ற பயத்தில் எந்தக் கடைக்காரரும் வாங்கி விற்காததால், கிடைக்கவே இல்லை. அப்போதுதான் கள்ளுக்கடைச் சந்தில் ஒருவனிடம் சல்லிசான விலையில் ஒன்று இருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். ஒரு மாலையில் இருவரும் போனோம்.

தகரக் கொட்டகை. வாசலில் மேடிட்ட வயிற்றோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து ஒல்லியான ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. விரல்களில் ரப்பர் பால் காய்ந்து கறுத்த கறை இன்னும் போகாமல் இருந்ததால், தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவன் என்று பார்த்ததும் தெரிந்தது. சைக்கிள் நல்ல சைக்கிள். அக்கா பின்பக்கம் போய், சாமான் வைக்கும் சட்டத்தின் இருபுறமும் பற்றவைத்திருந்த இரும்புக் கொக்கிகளைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவரும், நாங்கள் பாய் என்று கூப்பிடும் சீக்கியப் பெரியவர் பால் கேன்களை மாட்டுவதற்கென்று போட்டுக்கொண்ட கொக்கிகள் அவை. சில நாட்களாக அவர் கேன்களைத் தோளில் காவடிபோல் சுமந்து வருவதை நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம்.

"இது பால்காரர் சைக்கிள்" என்றார் அக்கா.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம்னா போங்கம்மா. விலய இன்னும் கொறச்சுக்கறேன். யாரு என்னன்னு கேக்காதீங்க."

"இத வாங்கி, நான் நடக்குற நடைய இன்னொருத்தருக்குக் குடுக்கவா?" என்று அக்கா மெல்லக் கேட்டார். பிறகு அவனை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் போய்க் குனிந்து, வீங்கியிருந்த அவள் கால்களை அழுத்திப் பார்த்து, எத்தனையாவது மாதம் என்று விசாரித்தார். எழுந்து வந்து, "தம்பி, சைக்கிள எடு. பால்காரர் வீட்டுக்குப் போலாம்" என்றார்.

"போலீசுல புடிச்சுக் குடுத்துருவீங்களா?"

"அப்படின்னா நான் நேரா அங்கதான போயிருப்பேன். வா."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் சைக்கிளை உருட்ட, நாங்கள் இருபுறமும் நடந்தோம்.

பால்காரர் தொழுவத்தில் மாடு கறந்துகொண்டிருந்தார். சைக்கிளைக் கண்டதும் எழுந்து வந்து கொக்கிகளைப் பிடித்துக் குலுக்கினார். "சயா புன்யா," என்னுடையது, என்று மலாயில் சொன்னார். அதன் பிறகுதான் அவனைப் பார்த்தார். ஓங்கி ஓர் அறை விட்டார். அவன் தடுமாறி வைக்கோல்மேல் விழுந்தான். அக்கா இடையில் வந்து நின்று, "போதும் பாய். அவன்தான் உருட்டிட்டு வந்தான்" என்றார். பெரியவர் மூச்சு வாங்க நின்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவனிடம் கேட்டார். அவன் விழுந்த இடத்திலிருந்தே சொன்னான். அவர் உள்ளே போய் ஒரு தூக்கில் பால் ஊற்றிக்கொண்டு வந்து, அவன் முகத்தைப் பாராமல், பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடியும் மாட்டின் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தத் தொழுவத்தின் மூலையில்தான் அக்காவின் அடுத்த சைக்கிளும் கிடைத்தது. வைக்கோலுக்கு முட்டுக் கொடுத்துத் துருப்பிடித்துக் கிடந்த பழைய சட்டம் ஒன்றைப் பெரியவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தவுக்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளியின் கடைக்குப் பின்னால் குவிந்திருந்த உடைசல்களில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு சக்கரங்களைத் தேடிப்பிடித்தோம். கம்பிகளை நேராக்கி, சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கோத்து முடித்தார். ஓடும்போது முன்சக்கரம் லேசாக ஆடும். ஆனால் ஓடியது.

அதை எப்படிக் காப்பது என்பதுதான் அடுத்த கவலை. அக்கா சக்கரத்துக்கு ஒரு சங்கிலிப் பூட்டு வாங்கினார். அதைப் பார்த்துவிட்டு அந்தத் தகரக் கொட்டகைக்காரன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சக்கரத்த மட்டும் பூட்டுனா பத்தாதும்மா. சக்கரத்தக் கழட்டிப் போட்டுட்டு மத்தத தூக்கிட்டுப் போயிருவாங்க. கம்பத்தோட, சட்டத்தோட சேத்துப் பூட்டுங்க. காத்தையும் எறக்கி விட்டுட்டு, அந்த மூடியப் பையில போட்டுக்குங்க." எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இவ்வளவு தெரிந்திருப்பதை நினைத்தோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா அவனையே காவலுக்கு நிறுத்தினார். பசாருக்கு எதிரே ஒரு மழைமரம் நின்றது. அதன் நிழலில் வருகிறவர்கள் சைக்கிளை விட்டுப்போகலாம், அவன் பார்த்துக்கொள்வான், தங்களால் ஆனதைக் கொடுத்தால் போதும் என்று வீடு வீடாகப் பிரசவம் பார்க்கப் போன இடத்திலெல்லாம் சொன்னார். முதலில் யாரும் நம்பவில்லை. தன் சைக்கிளை அங்கே முதலில் விட்டவர் அந்தப் பால்காரர்தான். அவர் விட்டதைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். அவனுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் சிகரெட் பெட்டியின் படத்தை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைக் கைப்பிடியில் செருகி, மறுபாதியை உடையவரிடம் கொடுப்பான். திரும்பி வரும்போது இரண்டு பாதியும் ஒட்டினால்தான் சைக்கிள் நகரும். ஒருநாள் அக்காவே தன் பாதியைத் தொலைத்துவிட்டு வந்தபோது, "நீங்கதான்னு தெரியும்மா, ஆனா ஒட்டலயே" என்று நிறுத்திவைத்துவிட்டான். அக்கா தெருவெல்லாம் தேடி அதைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் விட்டான். அவன் நின்ற காலத்தில் அந்த மரத்தடியில் ஒரு சைக்கிள்கூடக் காணாமல் போகவில்லை. இப்போது அந்த மரமும் இல்லை. அங்கே மோட்டார் கார்கள் நிற்கின்றன. இன்றைய மருத்துவச்சிகளை ஏற்றிக்கொண்டு அரசாங்க வண்டி போகிறது. அதைப் பார்க்கும்போது சந்தோஷம்தான். கூடவே, அன்று மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் வேகவேகமாக நடந்து வந்த அந்தக் கால்களும் நினைவுக்கு வந்துவிடும்.

அவன் காவல் நின்ற அந்த நாட்களில் எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "அக்கா, ஒங்க சைக்கிளையும் இவன்தான் எடுத்திருப்பானோ?"

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். "கேட்டா அவன் பொய் சொல்லணும், இல்ல உண்மையச் சொல்லணும். ரெண்டுல எதச் சொன்னாலும் நாளைக்கி அந்த மரத்தடில அவனால நிக்க முடியாது" என்றார். பிறகு, "கேக்காம இருக்குறது எனக்கும் சுலபமா இல்ல தங்கச்சி" என்றார்.

அவன் மனைவிக்கு வலி எடுத்த நாளில், ஆடும் முன்சக்கரத்தோடு அக்கா அந்தச் சந்துக்குப் பறந்து போனார். அங்கேயும் கால்தான் முதலில் வந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் பக்குவமாகத் திருப்பி எடுத்துவிட்டார். பெண் குழந்தை. வீறிட்டு அழுதது. வாசலில் நின்றவன் அக்காவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றிருந்தான் என்று பிறகு சொன்னார்கள்.

மறு வருஷம் ரப்பர் விலை மெல்ல எழுந்தது. கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் வெட்ட ஆள் எடுத்தார்கள். புறப்படும் நாளன்று காலையில் அவன் மாட்டுவண்டியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினான். மனைவி குழந்தையோடு வண்டியில் இருந்தாள். அவன் மட்டும் இறங்கி வந்து, நான் பக்கத்தில் நிற்பதையும் பொருட்படுத்தாமல், அக்காவின் முன்னால் நின்றான்.

"அன்னிக்கு பசாருக்குப் பின்னால லயத்து வாசல்ல இருந்த சைக்கிள எடுத்தது நான்தாம்மா. கம்பி வளஞ்சிருந்ததால முழுசா யாரும் வாங்கல. பிச்சுப் பிச்சு வித்துட்டேன். ஒங்களுதுன்னு அப்ப தெரியாது."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட் பாதையும் அந்த லயத்து வீடும் அவர் வாய்வரை வந்து நின்றதை என்னால் உணர முடிந்தது. சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"அதனால நீங்க ரொம்ப நடந்தீங்களாம்மா?" என்று அவன் கேட்டான்.

அக்கா வண்டியின் பக்கம் பார்த்தார். குழந்தை தாயின் மடியில் எழுந்து நின்று, வண்டிச் சட்டத்தைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நாள் நடந்தேன்" என்றார்.

பிறகு வண்டியருகே போய், குழந்தையின் தலைமேல் சேலைத் தலைப்பை இழுத்துவிடச் சொன்னார். அடுத்த பிரசவத்துக்கு முன்னமே ஆள் அனுப்பச் சொன்னார். அவன் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டான். வண்டி திருப்பத்தில் மறையும்வரை அக்கா தெருவிலேயே நின்றார்.

"அந்தத் தோட்டத்துப் புள்ள இருந்திருந்தா இந்நேரம் தத்தித் தத்தி நடக்கும்ல தங்கச்சி?" என்றார்.

பதிலுக்காக அவர் நிற்கவில்லை. லம்பம் எனப்படும் ஈயச் சுரங்கத்தின் பக்கம் ஒரு வீட்டில் அவருக்காகக் காத்திருந்தார்கள். பையை எடுத்து மாட்டிக்கொண்டு, கம்பத்திலிருந்து பூட்டைத் திறந்து, சைக்கிளை உருட்டியபடி அவர் தெருவில் இறங்கினார்.